குளிசையும் பனங்கட்டியும்: செயற்கை இனிப்பூட்டி விவாதமும் தீவகத்து நீரிழிவும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் 'சுவீட் என் லோ' என்ற பெயரில் ஒரு இனிப்புப் பொட்டலம் விற்பனையாகிறது. அமெரிக்கப் பொட்டலத்தில் இருப்பது சாக்கரின். கனடியப் பொட்டலத்தில் நெடுங்காலம் இருந்தது சைக்கிலமேட். சைக்கிலமேட் புற்றுநோய் தரக்கூடும் என்று சொல்லி அமெரிக்கா 1969இல் அதை விலக்கத் தொடங்கி, 1970இல் முழுதாகத் தடைசெய்தது. சாக்கரின் புற்றுநோய் தரக்கூடும் என்று சொல்லி கனடா 1977இல் அதை உணவில் சேர்ப்பதைத் தடுத்தது. ஒரு நாடு ஆபத்தென்று தள்ளியதை எல்லைக்கு அப்பால் அடுத்த நாடு சாப்பாட்டு மேசையில் வைத்தது. இரண்டு நாடுகளிலும் இருந்தவர்கள் தேர்ந்த விஞ்ஞானிகள். இரண்டு முடிவுகளுக்கும் எலிகள்மீது செய்த பரிசோதனைகளே ஆதாரம்.

இந்தக் கதை எங்களுக்குத் தொலைவானதல்ல. யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், ஊர்காவற்றுறைப் பக்கத்துச் சிற்றூரான சுருவிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் இடப்பெயர்வுக்குப் பிறகு தீவகத்தின் பிற ஊர்களைப் போலவே இந்த ஊரும் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று சிதறிப் போனது. ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு அங்கிருந்து வரும் பொதிகளில் சொக்லேற்றோடு சிறு டப்பாவில் இனிப்புக் குளிசையும் வரும். கனடாவிலிருந்து வருவது ஒன்று, இங்கிலாந்திலிருந்து வருவது இன்னொன்று. இங்கிலாந்து சைக்கிலமேட்டை 1960களின் இறுதியில் தடைசெய்து 1996இல் மறுபடி அனுமதித்தது. கனடா சாக்கரினை 2010களில் திரும்ப ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா இன்றுவரை சைக்கிலமேட்டை ஏற்கவில்லை. இந்தக் குளிசையைத் தேத்தண்ணியில் போடலாமா என்று கேட்கும் ஒரு மூதாட்டிக்கு உலகம் ஒரே பதிலைச் சொல்லாததற்குக் காரணம் இந்த வரலாற்றில் இருக்கிறது.

கேள்வி அவசரமானதும்கூட. 2005-06இல் நடந்த இலங்கை முழுவதற்குமான ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. 2018-19இல் நடந்த சுகாதாரமும் முதுமையும் பற்றிய ஆய்வு, வளர்ந்தவர்களில் 23 வீதம் என்றது. இரண்டு ஆய்வுகளின் முறைகளும் ஒன்றல்ல என்பதால், பதின்மூன்று ஆண்டில் நோய் இரட்டித்துவிட்டது என்று நேராகச் சொல்ல முடியாது. ஆனால் கிளினிக் நாளில் ஊர்காவற்றுறை வைத்தியசாலையில் காலையிலேயே கொப்பியோடு வந்து வரிசையில் இருப்பவர்களைப் பார்த்தால் போக்கு எந்தப் பக்கம் என்பது விளங்கும். செயற்கை இனிப்பூட்டி மேற்குலகில் உடல் மெலிய விரும்புபவர்களின் பொருள். தீவகத்தில் அது நீரிழிவுக்காரரின் பொருள். விவாதத்தை இங்கே கொண்டுவரும்போது இந்த வேறுபாடு எல்லாவற்றையும் மாற்றுகிறது.

சாக்கரின்தான் இவற்றில் மூத்தது. 1879இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஐரா ரெம்சனின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த கொன்ஸ்டன்டின் ஃபால்பேர்க், சாப்பிடும்போது கையில் ஒட்டியிருந்த இனிப்பைக் கவனித்ததில் பிறந்தது அது. அமெரிக்க அரசின் இரசாயன வல்லுநர் ஹார்வி வைலி 1900களில் அதைத் தடைசெய்யப் போராடினார். ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டுக்கு அவருடைய வைத்தியரே தினமும் சாக்கரின் கொடுத்து வந்தார். வைலியின் வாதம் அவரைக் கோபப்படுத்தியது. முதல் உலகப் போரில் சீனிக்குத் தட்டுப்பாடு வந்தபோது சாக்கரின் பரவியது. ஆக, விஞ்ஞானம் முழுதாகப் பேசுவதற்கு முன்பே அரசியலும் பற்றாக்குறையும் பேசி முடித்துவிட்டன.

1977இல் கனடிய ஆய்வு ஒன்று, பெருமளவு சாக்கரின் ஊட்டிய ஆண் எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகளைக் கண்டது. எலிகளின் உணவில் 5 வீதம் சாக்கரின். மனிதருக்குக் கணக்கிட்டால் நாளுக்கு நூற்றுக்கணக்கான சோடாப் போத்தல்கள். ஆனால் அமெரிக்காவின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு ஒன்று, எந்த விலங்கிலாவது எந்த அளவிலாவது புற்றுநோய் தரும் பொருளை உணவில் சேர்க்கக்கூடாது என்று சொல்கிறது. அளவு பற்றி அந்தச் சட்டத்துக்குக் கவலை இல்லை. அமெரிக்காவில் தடை அறிவிப்பு வந்ததும் நீரிழிவுக்காரரும் அவர்களுடைய வைத்தியர்களும் எதிர்த்து எழுதிக் குவித்தார்கள். அப்போது சந்தையில் எஞ்சியிருந்த ஒரே இனிப்பூட்டி அதுதான். காங்கிரஸ் தடையை நிறுத்திவைத்து, பொட்டலத்தில் எச்சரிக்கை வாசகம் போடச் சொன்னது. அந்த வாசகம் 2000ஆம் ஆண்டு வரை இருந்தது.

பிறகு அது ஏன் நீங்கியது? சோடியம் சாக்கரினை அதிகம் தின்ற ஆண் எலியின் சிறுநீரில் கல்சியம் பொசுபேற்று அடங்கிய நுண்துகள்கள் படிகின்றன. அவை சிறுநீர்ப்பையின் உட்தோலை உரசிக் காயப்படுத்துகின்றன. காயம் ஆறவென்று கலங்கள் திரும்பத் திரும்பப் பெருகுகின்றன. அந்தப் பெருக்கத்தில்தான் கட்டி வருகிறது. எலியின் சிறுநீரில் புரதமும் காரத்தன்மையும் கூட. மனிதச் சிறுநீரின் இயல்பு வேறு, அந்தத் துகள் அங்கே உருவாவதில்லை. பல்லாண்டாகச் சாக்கரின் பாவித்த நீரிழிவுக்காரரிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கூடியிருக்கவும் இல்லை. 2024 நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, சாக்கரினின் நாளாந்த எல்லையை உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 மில்லிகிராமிலிருந்து 9 மில்லிகிராமாக உயர்த்தியது. ஒரு பயம் நியாயமாகத் தோன்றி, நியாயமாக ஆராயப்பட்டு, நியாயமாக விலக்கப்பட்டதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஆனால் பயம் பரவிய வேகத்தில் விலக்கம் பரவவில்லை. 'சாக்கரின் எண்டால் கான்சர்' என்று ஊரில் இன்றும் சொல்பவர்கள் 1977இன் செய்தியைத்தான் சுமக்கிறார்கள்.

அஸ்பார்ட்டேமின் கதை இன்னும் சிக்கல். 1965இல் அமெரிக்காவின் சேர்ல் மருந்து நிறுவனத்தில் ஜேம்ஸ் ஷ்லாற்றர் கண்டுபிடித்தது. 1974இல் அனுமதி கிடைத்தது, நிறுவனத்தின் ஆய்வுகள் நம்பத்தக்கவையா என்ற கேள்வியில் அந்த அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது, 1981இல் மறுபடி கிடைத்தது, 1983இல் சோடாவுக்கும் விரிந்தது. பிறப்பிலேயே சந்தேகம் ஒட்டிக்கொண்ட பொருள் இது. அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

வயிற்றுக்குள் போனதும் அஸ்பார்ட்டேம் அப்படியே இரத்தத்துக்குப் போவதில்லை. குடலில் உடைந்து, ஏறக்குறைய பாதி பீனைல்அலனினாகவும் 40 வீதம் அஸ்பார்ட்டிக் அமிலமாகவும் 10 வீதம் மெதனோலாகவும் பிரிகிறது. முதலிரண்டும் பருப்பிலும் மீனிலும் பாலிலும் இருக்கிற அமினோ அமிலங்கள். மெதனோல் என்ற பெயர் கேட்டதும் கசிப்பில் கண் போனவர்களின் நினைவு வருவது இயல்பு. ஆனால் ஒரு குவளை தக்காளிச் சாறு தரும் மெதனோல் ஒரு டயற் சோடா தருவதைவிட அதிகம். பீனைல்கீற்றோனூரியா என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் பீனைல்அலனினைக் கடுமையாக மட்டுப்படுத்த வேண்டும். லேபிளில் அந்த எச்சரிக்கை இருப்பது அவர்களுக்காக.

2005-06இல் இத்தாலியின் ரமத்சினி நிறுவனம் எலிகளில் இரத்தப் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் கூடியதாக அறிவித்தது. அந்த எலிக்கூட்டத்தில் சுவாசத் தொற்று பரவியிருந்ததையும் வேறு குறைகளையும் காட்டி ஐரோப்பிய அதிகாரசபை அதை ஏற்கவில்லை. 2013இல் அதே அதிகாரசபை எல்லாத் தரவுகளையும் புதிதாகப் பார்த்து, கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற எல்லையை உறுதிசெய்தது. பிறகு 2023 ஜூலை 14 வந்தது.

அன்று உலக சுகாதார நிறுவனத்தோடு தொடர்புடைய இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் பேசின. லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அஸ்பார்ட்டேமை '2பி' பிரிவில் வைத்தது: மனிதருக்குப் புற்றுநோய் தரும் சாத்தியம் இருக்கலாம். உணவுச் சேர்பொருட்களுக்கான கூட்டு நிபுணர் குழு, 40 மில்லிகிராம் எல்லையை மாற்றக் காரணமில்லை என்றது. முதல் குழு கேட்டது, இந்தப் பொருள் எப்போதாவது எந்த அளவிலாவது புற்றுநோய் தரக்கூடியது என்பதற்கான சான்று எவ்வளவு வலுவானது என்று. இரண்டாவது குழு கேட்டது, மக்கள் உண்மையில் உட்கொள்ளும் அளவில் ஆபத்து எவ்வளவு என்று. முதல் கேள்விக்கான சான்று, கல்லீரல் புற்றுநோய் பற்றிய மூன்று மக்கள் ஆய்வுகளைச் சுற்றியது. அதை அந்தக் குழுவே மட்டுப்பட்டது என்றது. அதே 2பி பிரிவில் கற்றாழை முழு இலைச் சாறும் ஆசியாவின் மரபான ஊறுகாய்க் காய்கறிகளும் இருக்கின்றன. செய்தித்தாள்களோ முதல் பதிலைத் தலைப்பிலும் இரண்டாவதைக் கடைசிப் பத்தியிலும் போட்டன.

அந்தக் கோடையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ரொறன்ரோவிலிருந்து மகன் தொலைபேசியில்: "அம்மா, நாங்கள் அனுப்பின குளிசையை இனிப் போடாதேங்கோ. கான்சர் வருமாம் எண்டு இஞ்ச நியூசிலை சொல்லுறாங்கள்." அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. டப்பாவைத் தூக்கி வைத்தார். ஆனால் இனிப்பில்லாத தேத்தண்ணி அவருக்கு இறங்காது. குசினித் தட்டிலிருந்த பனங்கட்டிக் குட்டானைப் பிரித்தார். ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் ஒரு துண்டைக் கடித்தார். "உது எங்கட மரத்திலை வாறது பிள்ளை, மருந்துச் சாமான் இல்லைத்தானே" என்று என்னிடம் சொன்னார். அடுத்த கிளினிக்கில் அவருடைய சீனி ஏறியிருந்தது. ஒரு வீட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இந்த விவாதத்தில் யாரும் அளக்காத விலை எங்கே இருக்கிறது என்பதை அந்தக் குட்டான் காட்டியது.

அளவைப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அஸ்பார்ட்டேமின் நாளாந்த எல்லை 2,400 மில்லிகிராம். ஒரு குளிசையில் இருப்பது சுமார் 18. ஆக, 130 குளிசைக்கு மேல். அந்த எல்லையும், விலங்குகளில் எந்தத் தீங்கும் காணாத அளவை நூறால் பிரித்து வைத்தது. சாக்கரினுக்கு இடைவெளி இவ்வளவு பெரிதல்ல. பழைய எல்லைப்படி அதே 60 கிலோவுக்கு 300 மில்லிகிராம். தேத்தண்ணிக்கு இரண்டு குளிசை, நாளுக்கு ஆறு தேத்தண்ணி என்றால் அதில் பாதியைத் தொட்டுவிடலாம். அதுவும் எல்லைக்குள்தான். ஆனால் பிள்ளைகளின் கணக்கு வேறு. 15 கிலோ எடையுள்ள ஒரு சின்னப் பிள்ளைக்கு அஸ்பார்ட்டேம் எல்லை 600 மில்லிகிராம். ஒரு டயற் சோடா ரின்னில் 200 முதல் 300 வரை இருக்கலாம். வளர்ந்தவருக்கு ஒன்பது முதல் பதினான்கு ரின் என்று கூட்டு நிபுணர் குழு சொன்ன கணக்கு, அந்தப் பிள்ளைக்கு இரண்டு மூன்றாகச் சுருங்குகிறது. 'பாதுகாப்பானது' என்ற சொல் வீட்டில் எல்லாருக்கும் ஒரே பொருளில் பொருந்தாது.

புற்றுநோய்க் கேள்வியைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, இந்தக் குளிசையால் நன்மை ஏதும் உண்டா என்பது. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. உடல் எடையைக் கட்டுப்படுத்தவோ தொற்றா நோய்களைத் தவிர்க்கவோ சீனியற்ற இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. ஆதாரங்கள் இரு வகை. ஆட்களைக் குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இனிப்பூட்டி கொடுத்துப் பார்த்த குறுங்காலப் பரிசோதனைகளில் எடை சராசரியாக 0.71 கிலோ குறைந்தது. மக்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வுகளிலோ, இனிப்பூட்டி பாவித்தவர்களிடையே நீரிழிவும் இதயநோயும் கூடுதலாக இருந்தன. பிரான்சின் நியூட்ரிநெற் ஆய்வில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அதிகம் பாவித்தவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து 13 வீதம் கூட என்று 2022இல் வெளியானது.

இந்த இரண்டாம் வகை எண்களை நம்புவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். சுருவிலில் யார் குளிசைக்கு மாறுகிறார்? வைத்தியர் "உங்களுக்குச் சீனி எல்லையில நிக்குது, கவனம்" என்று சொன்னவர். தகப்பனுக்கு நீரிழிவில் கால் எடுத்ததைக் கண்டவர். இடுப்பு பெருத்தவர். அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு குளிசைக்கு முன்பே கூட. பத்து வருடம் கழித்து எண்ணிப் பார்த்தால், குளிசை பாவித்தவர்களுக்கே நோய் அதிகம் வந்திருக்கும். குற்றம் குளிசையின் தலையில் விழும். ஆய்வாளர்கள் எடை, வயது, புகைத்தல் எல்லாவற்றையும் கணக்கில் கழித்துப் பார்க்கிறார்கள். முழுதாகக் கழிக்க முடிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை நிபந்தனைக்குட்பட்டது என்று வகைப்படுத்தியதற்கு இதுவே காரணம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. எங்கள் கிளினிக் வரிசையில் இருப்பவர்கள் யாரோ, அவர்களுக்கு அந்த ஆவணம் பேசவே இல்லை.

அவர்களுக்குப் பேசும் ஆய்வு ஒன்று பாக்குநீரிணைக்கு அப்பால் நடந்தது. சென்னையில் வைத்தியர் வி. மோகன் தலைமையிலான மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தது. ஒரு குழு தேநீரிலும் கோப்பியிலும் சீனிக்குப் பதில் சுக்ரலோஸ் போட்டது. மற்றக் குழு வழக்கம்போல் சீனி. சுக்ரலோஸ், சீனி மூலக்கூறில் மூன்று இடங்களில் குளோரினை ஏற்றிச் செய்வது. 1976இல் லண்டனில் அதன் இனிப்பை முதலில் நாவில் உணர்ந்தவர் சசிகாந்த் பட்னிஸ் என்ற இந்திய ஆய்வாளர். 179 பேர் முடித்த, பன்னிரண்டு வாரம் நீடித்த சென்னைச் சோதனையின் முடிவு 2024இல் வெளியானது. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி அளவில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. சுக்ரலோஸ் குழுவில் எடை சுமார் 0.3 கிலோவும், இடுப்பு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகவும் இறங்கின. தீங்கு எதுவும் தெரியவில்லை. பெரிய நன்மையும் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பதை எங்கள் சாப்பாட்டுக் கோப்பையை வைத்தே கணக்கிடலாம். தேத்தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி சீனி, நாளுக்கு நான்கு தேத்தண்ணி என்றால் 20 கிராம் அளவில் வரும். ஒரு சிறு கோப்பை வெந்த சோற்றில் மாச்சத்து சுமார் 45 கிராம். மத்தியானம் தீவகத்துக் கோப்பையில் விழுவது அப்படி இரண்டு, மூன்று. அதற்குமேல் காலையில் இடியப்பமோ பாணோ, இரவில் புட்டு. குளிசை 20 கிராமைக் கழிக்கிறது. மீதி 250 கிராம் அப்படியே இரத்தத்துக்கு வருகிறது. குளிசை போட்டுவிட்டேனே என்ற நிம்மதியில் இன்னொரு அகப்பை சோறு விழுந்தால் கழித்ததும் திரும்பி வந்துவிடும். ஆனால் நாளுக்கு ஏழெட்டுத் தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி என்று குடிப்பவர்கள் எங்களிடையே குறைவல்ல. கடலுக்குப் போய் வருபவர்களில் பலர் அப்படித்தான். அவர்களுக்குக் கணக்கு நூறு கிராமைத் தாண்டும். அங்கே குளிசை உண்மையான வேலை செய்யும்.

குடல் நுண்ணுயிர்கள் பற்றிய கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 2014இல் எலிகளிலும், 2022இல் 120 மனிதர்களிலும் பார்த்தார்கள். சாக்கரினும் சுக்ரலோஸும் சிலருடைய உடல் குளுக்கோசைக் கையாளும் விதத்தை மாற்றின. அஸ்பார்ட்டேமும், ஸ்டீவியா என்ற செடியின் இனிப்பும் மாற்றவில்லை. எல்லாருக்கும் ஒரே விளைவும் இல்லை. இவை குறுகிய காலச் சோதனைகள். 'செயற்கை இனிப்பூட்டி' என்று எல்லாவற்றையும் ஒரே கடகத்தில் போடுவது தவறு என்பதை இவை காட்டுகின்றன.

யார் பணம் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடமுடியாது. இனிப்பூட்டி ஆய்வுகளை மதிப்பிட்ட கட்டுரைகளை 2016இல் மண்ட்ரியோலியும் கூட்டாளிகளும் பரிசோதித்தார்கள். இனிப்பூட்டித் தொழில் பணம் கொடுத்தவை இனிப்பூட்டிக்குச் சாதகமாகவே பேசின. மறுபக்கமும் தூய்மையானதல்ல: 1960களில் சைக்கிலமேட்டுக்கு எதிரான ஆய்வுகளுக்குச் சீனித் தொழிலின் பணம் போனது. சீனிக்குப் பதிலாக எது வந்தாலும் அது சீனி விற்பவருக்கு நட்டம். இரண்டு வியாபாரங்களுக்கு நடுவே நின்றுதான் நோயாளி தன் தேத்தண்ணியைக் கலக்க வேண்டியிருக்கிறது.

இனிப் பனங்கட்டி. இதைப்பற்றிக் கடுமையாக எழுதுவது எனக்கு வருத்தம்தான். பனை இல்லாமல் தீவகத்தின் கதை இல்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சீனி எட்டாத விலைக்குப் போனபோது, தேத்தண்ணிக்குத் துணையாக நின்றது இதே பனங்கட்டி. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டி, புளிக்காமல் இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சிக் குட்டானில் வார்க்கும் அந்தத் தொழிலில் பல குடும்பங்களின் உழைப்பு இருக்கிறது. 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை அந்தத் தொழிலை வளர்க்க முயன்று வருகிறது. அதை வாழவைக்க வேண்டும். ஆனால் நீரிழிவுக்காரருக்கு 'நல்ல இனிப்பு' என்று சொல்லி விற்கக்கூடாது. பனங்கட்டியின் நிறையில் முக்காலளவு சுக்குரோசுதான். தட்டில் இருக்கும் வெள்ளைச் சீனியும் அதே சுக்குரோசு. கனியுப்புகள் கொஞ்சம் உண்டு, சுண்ணாம்பிலிருந்து வந்த கல்சியமும் சேரும். 15 கிராம் துண்டு ஒன்றைக் கடித்தால் இரண்டு தேக்கரண்டிக்கும் மேற்பட்ட சீனி உள்ளே போகிறது. மண்ணிறமும் ஊர் மணமும் கணையத்துக்குத் தெரியாது. நீரிழிவு இல்லாத ஒருவர் வெள்ளைச் சீனியை விட்டுப் பனங்கட்டியை எடுப்பது ஊருக்கு நல்லது. நீரிழிவுள்ள ஒருவர் குளிசையை விட்டுப் பனங்கட்டிக்குப் போவது தன்னையே கெடுத்துக்கொள்வது.

கடையில் நிலைமை வேறு விதமாகச் சிக்கல். 2016 ஓகஸ்ட்டிலிருந்து இலங்கையில் மென்பானப் போத்தல்களில் நிறக்குறி இருக்கிறது. அப்போது வைத்த அளவுப்படி, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழ் பச்சை. 2017 நவம்பரில் சீனியின் ஒவ்வொரு கிராமுக்கும் 50 சதம் வரி வந்தது, அடுத்த ஆண்டே அது குறைக்கப்பட்டது. இரண்டும் நல்ல நடவடிக்கைகள், நான் ஆதரிக்கிறேன். ஆனால் இரண்டுமே அளப்பது சீனியை மட்டும். சீனியைக் குறைத்து இனிப்பூட்டியைக் கலந்தால் நிறமும் மாறும், வரியும் குறையும், இனிப்பு மட்டும் அப்படியே இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்குத் தாய் "பச்சைதானே" என்று வாங்கிக் கொடுக்கும் போத்தலில் என்ன இருக்கிறது என்று அறிய, பின்புறத்துச் சின்ன எழுத்தில் 950, 951, 954, 955 என்ற எண்களைத் தேட வேண்டும். 950 அசெசல்பேம், 951 அஸ்பார்ட்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ். மெக்சிக்கோ 2020இல் கொண்டுவந்த லேபிள், இனிப்பூட்டி கலந்தது, பிள்ளைகளுக்கு உகந்ததல்ல என்று முன்புறத்திலேயே எழுதச் சொல்கிறது. அந்த வரி எங்கள் போத்தல்களிலும் தமிழிலும் சிங்களத்திலும் வரவேண்டும். அது நஞ்சென்பதற்காக அல்ல. எடை குறைந்த உடலுக்கு எல்லை சிறிது என்பதாலும், ஐந்து வயதில் எல்லாப் பானமும் இனிக்க வேண்டும் என்று பழகிய நாக்கைப் பதினைந்து வயதில் திருப்புவது கடினம் என்பதாலும்.

வளர்ந்த நீரிழிவுக்காரருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவு. சீனி இல்லாத தேத்தண்ணி பழகினால் அதுவே சிறப்பு. பழகவில்லை என்றால் குளிசையைப் பயமின்றிப் போடலாம். அஸ்பார்ட்டேம் குளிசை நெடுநேரக் கொதியில் இனிப்பை இழக்கும் என்பதால் கேத்தலில் போடாமல், கோப்பையில் ஊற்றியபின் போடுவது நல்லது. ரொறன்ரோவில் உள்ள பிள்ளைகள் செய்தித் தலைப்பைப் பார்த்து மருந்து நிறுத்துவதுபோல் குளிசையை நிறுத்தச் சொல்லுமுன், அந்த இடத்துக்கு எது வரும் என்று கேட்க வேண்டும்.

இனிப்பூட்டியின் மிக உடனடியான ஆபத்து வேறொன்றில் இருக்கிறது. அது குளிசையின் குற்றமல்ல, ஆனால் தீவுகளில் உயிரோடு விளையாடக்கூடியது. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் சாப்பாடு பிந்தினால் சீனி திடீரென்று இறங்கும். கந்தசஷ்டி விரதத்தில், வெள்ளிக்கிழமை விரதத்தில், குறிகாட்டுவானில் வள்ளத்துக்குக் காத்துநிற்கையில், நெடுந்தீவிலிருந்து கடலில் ஒரு மணிநேரம் வருகையில் இது நடக்கும். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சுக் குழறும். அந்த நேரத்தில் டயற் சோடாவோ குளிசை போட்ட தேத்தண்ணியோ கொடுத்தால் ஒரு பயனும் இல்லை. நாக்கு இனிக்கும், இரத்தத்தில் ஒன்றும் ஏறாது. வீட்டில் சீனியே இல்லை என்று பெருமையாகச் சொல்லும் குடும்பங்களில் இது நடந்தால் தேடி எடுக்கவும் எதுவும் இராது.

அதனால் நீரிழிவுக்காரர் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும், அவர் வெளியே போகும் பையிலும், உண்மையான சீனியோ குளுக்கோசோ இருக்க வேண்டும். ஆள் உணர்வோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். வேறில்லாவிட்டால் ஒரு துண்டுப் பனங்கட்டியும் உதவும். பதினைந்து நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் இன்னொருமுறை கொடுக்க வேண்டும். தெளிந்தபின் பிஸ்கட்டோ சோறோ கொடுத்து, அன்றே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். உணர்வு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பக்கவாட்டில் கிடத்தி, 1990க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். தீவில் அம்புலன்ஸுக்கும் முன்னால் கடல் இருந்தால், அங்கிருக்கும் வைத்தியசாலைக்கு உடனே கொண்டுபோக வேண்டும், வள்ளத்துக்குக் காத்திருக்கக்கூடாது.